'நனைந்த வைக்கோல்' என்ற மெட்டு

"உங்கள் ஊர்ப் புடவைக்கடை ஒன்று என் புருஷனின் வாயை அடைத்துவிட்டது. லீவுக்குத்தானே போகிறாய்? அப்படியே அதைத் திறந்துவிட்டு வா" என்றாள் நோரா.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மனிதர்களைவிட ஆடுகள் அதிகமாக நடமாடும் ஒரு சிற்றூரில் நான் நர்ஸாக இருக்கிறேன். நோரா பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுடைய புருஷன் டோனல் இப்போது இல்லை. இருந்தபோது பிடில் வாசிப்பார். அந்தப் பக்கத்தில் 'நனைந்த வைக்கோல்' என்று ஒரு பழைய மெட்டு உண்டு. மழைக்கு முன்னால் வைக்கோலை அள்ளத் தவறியவனின் துக்கமாம். மழை நிற்கிற நாளே கிடையாத ஊரில் அந்தத் துக்கத்துக்கு என்ன பஞ்சம்? டோனல் அதைச் சமையலறையில் உட்கார்ந்து வாசித்ததை நோரா போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தாள். அப்புறம் அந்தப் போன் ஏரியில் விழுந்துவிட்டது. ஆக, அந்த மனிதரின் குரலும் வாசிப்பும் மிச்சம் இருந்தது அந்த ஒரு வீடியோவில்தான்.

ஒருநாள் அதில் சத்தம் போய்விட்டது. கீழே ஒரு வரி வந்திருந்தது. 'இந்த இசை சென்னை ஆறுமுகத்தம்மாள் சில்க்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது.' டோனல் வில்லை இழுக்கிறார், தலையை ஆட்டுகிறார், வாயைத் திறக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. நோரா ஆட்சேபம் எழுதிப் போட்டாள். 'உரிமையாளர் ஏற்கவில்லை' என்று பதில் வந்தது.

நான் சென்னைக்காரி இல்லை, தூத்துக்குடிக்காரி, இரண்டுக்கும் நடுவே ஒரு ராத்திரி ரயில் ஓடுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரே பாஷைதானே பேசுகிறீர்கள்" என்றாள். அவளை யாராவது டப்ளின்காரி என்று சொன்னால் மட்டும் மூக்கு சிவந்துவிடும்.

ஊர் நூலகத்துப் பெண் எனக்கு மூன்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். இந்த மெட்டு அச்சேறிய கதை அந்த மூன்று தாளில் அடங்கிவிடும். முதலில் ஒரு பாதிரியார், சந்தையில் ஒரு பிடில்காரன் வாசித்ததைக் கேட்டதாகச் சொல்லி, பெயரே வைக்காமல் அச்சடித்தார். பிறகு ஒரு பிரபுவீட்டு அம்மாள், பாதிரியார் தப்பாக எழுதிவிட்டார் என்று முன்னுரையில் குறை சொல்லி, 'சீமாட்டியின் பெருமூச்சு' என்ற பெயரில் போட்டாள். அதற்கப்புறம் வந்த பள்ளிக்கூடப் பாட்டுப் புத்தகம், அந்த அம்மாளுக்குக் காது சரியில்லை என்று நாசூக்காகச் சொல்லி, 'நல்ல ஆயன்' என்று மாற்றிவிட்டது. அந்தப் பிடில்காரன் பெயர் மட்டும் மூன்றிலும் இல்லை. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் புடவைக்கடைக்காரர் வாயடைத்துப் போவார் என்று நான் நம்பினேன். நம்பிக்கைக்கு என்ன, யார் வேண்டுமானாலும் வைக்கலாம்.

சென்னை வந்ததும் அசோக் நகரில் ஒரு அறை. காலையில் இறங்கி வந்ததும் எதிர்க்கடையில் பொங்கல் வடை. அயர்லாந்தில் காலை ஆகாரம் என்று ஓட்ஸ் கஞ்சியைக் கொடுப்பார்கள், அங்கே நோயாளிக்கும் நர்ஸுக்கும் ஒரே சாப்பாடு. பொங்கலில் முழு மிளகு ஒன்று பல்லில் அகப்பட்டுக் கண்ணில் நீர் வந்தபோது, நாடு திரும்பிவிட்டேன் என்பது உறுதியானது.

ஆட்டோக்காரர் பெயர் குமார். என் உச்சரிப்பைக் கேட்டதும், "இன்னா மேடம், திருநெல்வேலி சைடா?" என்றார். தூத்துக்குடி என்றேன். "எல்லாம் அந்த ரூட்டுதானே" என்றார். நோராவுக்கும் இவருக்கும் பூகோளம் ஒரே வாத்தியார் எடுத்திருக்க வேண்டும்.

தி. நகருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கார் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. ரிவர்ஸ் போட்டால் பாட்டுப் பாடும் கார். பாடிய பாட்டு 'நனைந்த வைக்கோல்'. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "குமார், இது என்ன பாட்டு?"

"இதுவா? சில்க்ஸ் பாட்டு மேடம். 'அம்மா வந்தா ஆறு முழம், அத்தை வந்தா எட்டு முழம்'. டிவில ஓடிக்கினே கீதே. எங்க ஏரியால சாவு ஊர்கோலத்துக்குக்கூட பேண்டுல இதான் அடிப்பானுங்க."

ஆடித் தள்ளுபடி மாதம். தெருவில் காலை எடுத்து வைத்தால் போதும், மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். என் அயர்லாந்து ஊரின் மொத்த ஜனமும் ஒரு நகைக்கடை வாசலில் நின்றுகொண்டிருப்பது போல இருந்தது. தள்ளிக்கொண்டே போய் ஆறுமுகத்தம்மாள் சில்க்ஸ் வாசலில் என்னை இறக்கிவிட்டார்கள். குளிர்சாதனக் கடைக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்கு ஒரு காவலாளி. அவர் எல்லாருக்கும் கும்பிடு போட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நிற்கிறார். உள்ளே கல்லாவிலிருந்து ஒரு குரல், "கதவைச் சாத்துப்பா, ஏசி போகுது!" என்று கத்துகிறது. அவர் சாத்துவதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிடுகிறது.

அந்தக் குரல்தான் முதலாளி தங்கபாண்டி அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கடைக்குள் ஒலிபெருக்கியில் அதே பாட்டு, ஒரு நிமிடமும் ஓயாமல். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு தாயி?"

தூத்துக்குடி என்றதும் நாற்காலி வந்தது, குளிர்ந்த பன்னீர் சோடா வந்தது. "நமக்குச் சாத்தான்குளம் பக்கம். ஒரே மண்ணு" என்றார். காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஜெராக்ஸை விரித்துவைத்து, இது அந்த நாட்டுப் பழைய மெட்டு, பாருங்கள், எப்போதோ அச்சடித்திருக்கிறார்கள் என்றேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எறும்பு ஊர்ந்த மாதிரிலா இருக்கு. இத வச்சு எங்கப்பா போட்ட மெட்ட வெள்ளைக்காரன் மெட்டுன்னு சொல்லுதியளா?"

அப்பா கதை வந்தது. பெரியவர் ஊரிலிருந்து வந்து சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு விற்றவர். சாந்தோம், மயிலாப்பூர், அடையாறு, அந்தப் பக்கம் கொட்டிவாக்கம்வரை. "மணி அடிக்க மாட்டாவ. இந்த மெட்ட வாயால இழுத்துக்கிட்டே வருவாவ. தெருமுனையில சத்தம் கேட்டதும் பொம்பளையாளுக வாசலுக்கு வந்துருவாக. எங்கிட்ட அப்பா போட்டோ இருக்கு தாயி. குரலு இல்ல. அந்தக் காலத்துல யாரு பிடிச்சு வச்சா? இந்த மெட்டு ஒண்ணுதான் இருக்கு. அத விட்டுக்குடுன்னா எப்படி?"

நோரா சொன்னதையேதான் இவரும் சொல்கிறார், திருநீறு மட்டும் கூடுதல். ஆனாலும் விடுவதாக இல்லை. எதைக் காட்டினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

"தமிழ்ல அச்சடிச்ச புஸ்தகம். எங்கப்பாவுக்கு முந்தி. அதுல இந்த மெட்டு வெள்ளைக்காரன் மெட்டுன்னு போட்டிருக்கணும். கொண்டாங்க, அந்த நிமிசமே விட்டுருதேன்" என்றார். கூடவே, கடை திறந்த அன்று வினியோகித்த பாட்டு நோட்டீஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்ததையும் காட்டினார். நம் ஊர்ப் பாட்டுப் புத்தகங்களில் ஸ்வரம் போடுகிற வழக்கம் கிடையாது. பாட்டுக்கு மேலே, 'இன்ன பாட்டு என்ற மெட்டு' என்று ஒரு வரி போடுவார்கள், அந்தப் பாட்டு தெரிந்தவன் இதைப் பாடிக்கொள்ள வேண்டியதுதான். இந்த நோட்டீஸிலும் மேலே ஒரு வரி இருந்தது. 'சாந்தோம் மாதா பாட்டு என்ற மெட்டு.'

"அண்ணாச்சி, இதிலேயே சாந்தோம் என்று போட்டிருக்கிறதே!"

"அது அச்சாபீஸ்காரன் போட்டது. சாந்தோம் தெருவுல எங்கப்பா பாடிக்கிட்டுப் போனதக் கேட்டு அவுக பாட்டுக் கட்டியிருப்பாக. போய்க் கேளுங்க."

நியாயம் கேட்கப் போனவள் இரண்டு நைட்டியோடு வெளியே வந்தேன். அந்தக் கடைக்குள் போய் வெறுங்கையோடு வெளியே வரும் வித்தை எனக்குக் கடைசிவரை கைவரவில்லை.

மறுநாள் சாந்தோம். குமார் கடற்கரைச் சாலையில் விரட்டினார். காற்றில் மீன் வாசனை வந்ததும் எனக்கு என் இரண்டு ஊர்களும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அயர்லாந்திலும் கடலோரம்தான், மீன்தான். ஆனால் அதை வெந்நீரில் போட்டு எடுத்து, உப்பை மேஜையில் வைத்துவிடுவார்கள், வேண்டுமென்றால் போட்டுக்கொள் என்று.

மாதா கோவிலில் பாடற்குழுவை நடத்துகிறவர் ஸ்டெல்லா டீச்சர். பள்ளியில் கணக்கு எடுப்பவர், எதற்கும் நிரூபணம் கேட்பவர். "போர்த்துகீசியர் காலத்துலேர்ந்து எங்க குடும்பம் இங்கதான். துணி விக்கிறவர் பாடினதைக் கேட்டா நாங்க மாதாவுக்குப் பாட்டுக் கட்டுவோம்? எங்க பாட்டைக் கேட்டுத்தான் அவர் பாடியிருப்பார். இந்தத் தெருவுல ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல போனா காதுல விழாம இருக்குமா?" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

என் ஜெராக்ஸிலிருந்த இசைக்குறிகளை அவரால் படிக்க முடிந்தது. கீபோர்டில் உட்கார்ந்து பாதிரியாருடையதை வாசித்தார். எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பிரபுவீட்டு அம்மாளுடையதை வாசித்தார். அது ஏதோ நடனம் போல இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்துடையதை வாசித்தார், எனக்குத் தூக்கம் வந்தது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க ஆளுங்க அச்சடிச்ச மூணுல ஒண்ணுகூட எங்க பாட்டு இல்லையே!"

வெட்கமாகப் போய்விட்டது. நோராவைப் போனில் பிடித்தேன். அங்கே காலை நேரம், கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். டோனல் வாசிப்பதைப் போலவே பாடிக் காட்டு என்றேன். எதற்கென்று கேட்காமல், கோழிகளின் கொக்கரிப்புக்கு நடுவே, வாயால் இழுத்தாள். ஸ்டெல்லா டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "இதுதான்! அப்படியே எங்க பாட்டு! இந்தம்மா எந்த மாதா கோவில் பங்கு?"

அங்கே ஒருவரை ஒருவர் திருத்தித் திருத்தி அச்சடித்ததில் மெட்டு புத்தகத்தை விட்டே ஓடிவிட்டிருக்கிறது. புத்தகம் பார்க்காதவர்கள் வாயில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. நல்ல செய்திதான், ஆனால் வாயை ஜெராக்ஸ் எடுக்க முடியாதே!

கோவில் பாட்டுப் புத்தகத்தை டீச்சர் எடுத்து வந்தார். மாதா பாட்டுக்கு மேலே போட்டிருந்தது: 'மயிலை நோட்டு என்ற மெட்டு.' பழைய பதிப்பு இருக்கிறதா என்றேன். கடல் காற்றிலும் கரையானிலும் போய்விட்டதாம். நோட்டு என்பது, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு நம் ஆட்கள் வார்த்தை போட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கோட்டையில் பேண்டு, பேண்டில் ஒரு அயர்லாந்துச் சிப்பாய், அவனிடமிருந்து மயிலாப்பூர், மயிலாப்பூரிலிருந்து சாந்தோம், சாந்தோமிலிருந்து சைக்கிள்! மயிலாப்பூரில் அந்த நோட்டை அச்சடித்த புத்தகத்தில் மட்டும் 'வெள்ளைக்காரன் பேண்டு மெட்டு' என்று ஒரு வரி இருந்துவிட்டால் டோனல் பிழைத்துக்கொள்வார். அந்தச் சந்தோஷத்தில் டீச்சர் வீட்டு மீன்குழம்பை வெட்கமில்லாமல் மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மயிலாப்பூருக்குப் போவதென்பது மட்டும் அவ்வளவு சுலபமாக இல்லை. மெட்ரோ ரயிலுக்காகத் தெருவெல்லாம் தோண்டித் தகரம் அடைத்திருக்கிறார்கள். குமார் ஒரு சந்தில் நுழைந்தார், தகரம். இன்னொரு சந்து, அங்கேயும் தகரம். மறுபடியும் மறுபடியும் ஒரே ஜூஸ் கடை வாசலுக்கே வந்து நின்றோம். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா பண்றது மேடம், எப்டி சுத்தினாலும் இங்கதான் வந்து நிக்குது. ஒரு சாத்துக்குடி குட்சிட்டு நடந்து போய்டுங்க, அது பெட்டர்" என்றார் குமார். குடித்துவிட்டு நடந்தேன். போகிற வழியில் ஒரு மாடு என் துப்பட்டாவைக் கொஞ்சம் தின்று பார்த்து, பிடிக்காமல் விட்டுவிட்டது. அயர்லாந்து மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மரியாதையாகப் பார்க்கும்.

விஜயா மாமி வீட்டிலேயே பாட்டு வகுப்பு நடத்துகிறார். நோட்டுப் பாட்டுகளைச் சேர்த்துச் சின்னப் புத்தகமாகப் போட்டு, தீரத் தீர மறுபதிப்பு கொண்டுவருகிறார். ஸ்டெல்லா டீச்சர் போன் செய்து சொல்லியிருந்தார். "வாங்கோ, வெயில்ல நடந்தா வந்தேள்? முதல்ல காபி சாப்பிடுங்கோ" என்று டபராவை நீட்டினார். அயர்லாந்தில் காபி என்று கொடுப்பதை நான் எத்தனை காலமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த முதல் வாயில் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. மாமி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "அழாதேங்கோ, அந்த மனுஷருக்குக் குரல் திரும்பி வந்துடும்" என்றார்.

வயலினை எடுத்து அந்த நோட்டை வாசித்தார். கற்பகாம்பாள் மேல் வார்த்தை, நவராத்திரிக்குக் குழந்தைகள் பாடுவார்களாம். அட்சரம் பிசகாமல் நனைந்த வைக்கோல். நான் பறந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பாட்டுக்கு மேலே, வழக்கமான இடத்தில், அந்த ஒரு வரி இருந்தது.

'ஆறுமுகத்தம்மாள் சில்க்ஸ் என்ற மெட்டு.'

நான் மூன்று தடவை படித்தேன். மாமிக்கு என் முகம் போன போக்கு விளங்கவில்லை. "என்ன ஆச்சு?"

"மாமி, இது... இது புடவைக்கடை விளம்பரம்."

"ஆமாம். பாட வர்றவாளுக்குத் தெரிஞ்ச பாட்டைப் போட்டாத்தானே பாடுவா? முன்னாடி வேற ஏதோ மெட்டுப் பேர் போட்டிருந்தது. அது யாருக்கும் ஞாபகமில்லை. இப்போ எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இந்தக் கடைப் பாட்டு தெரியறது. ஒவ்வொரு பதிப்புலேயும் அப்போ ஊர்ல எது ஓடிண்டு இருக்கோ அதைப் போட்டுடுவேன். பாட வரணும், அவ்வளவுதானே?"

"முன்னாடி என்ன போட்டிருந்தது?"

உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். "பழைய பதிப்பெல்லாம் ஆத்துல இடமில்லேன்னு பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சு. நான்தான் போட்டேன். என்னைத் திட்டாதேங்கோ."

யாரையும் திட்டத் தோன்றவில்லை. கடை, சாந்தோமைக் கேள் என்கிறது. சாந்தோம், மயிலாப்பூரைக் கேள் என்கிறது. மயிலாப்பூர், கடையைக் கேள் என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் பாட வைக்கத்தான் பார்த்திருக்கிறார்கள், சாட்சி சொல்ல இல்லை. மாமி சூடாக அடை போட்டு, மேலே வெண்ணெயும் வைத்துக் கொடுத்தார். அடை நன்றாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் பாதியில் வைத்துவிட்டேன். நோராவிடம் என்ன சொல்வது என்பதே யோசனையாக இருந்தது. புறப்படும்போது மாமி புத்தகத்தில் ஒரு பிரதியைக் கையில் திணித்தார்.

கடைசி நாள். தோற்றுப்போய்விட்டேன் என்று சொல்வதற்காகவே தி. நகருக்குப் போனேன். சொல்லாமல் போயிருக்கலாம். ஆனால் பன்னீர் சோடா குடித்திருக்கிறேனே, ஒரே மண்ணு வேறு. கூட்டத்தில் மிதந்து உள்ளே போனேன். "கதவைச் சாத்துப்பா!" என்று கத்திக்கொண்டிருந்த அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், "புஸ்தகம் கிடைச்சுதா தாயி?" என்றார்.

மாமியின் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "நீங்களே ஜெயித்தீர்கள் அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கல்லாவை விட்டு எழுந்து, பட்டுப் பிரிவு, சுடிதார்ப் பிரிவு எல்லாவற்றுக்கும் கேட்கும்படி சத்தம் போட்டுப் படித்தார். கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம், தள்ளுபடியைக் கூட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று கைதட்டியது. அண்ணாச்சி திரும்பி வந்து உட்கார்ந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அந்த மயிலாப்பூர்த் தெருவுல எங்கப்பாவ வாசல் கேட்டுக்கு உள்ள விடமாட்டாவ. வெளியில வெயில்ல நின்னு மூட்டைய அவுத்துக் காட்டணும். இன்னைக்கு அவுக புஸ்தகத்துல எங்கம்மா பேரு. எங்கப்பா மெட்டு."

வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவரே கேட்டார். "அந்த வாயடைச்ச மனுசரக் காட்டுங்க, பாப்போம்."

போனில் டோனலை ஓடவிட்டேன். சத்தமில்லாத சமையலறை, சத்தமில்லாத பிடில். கடை ஒலிபெருக்கியில் 'அம்மா வந்தா ஆறு முழம்' ஓடிக்கொண்டிருந்தது. டோனலின் வில் சரியாக அதற்கு ஏற்றபடி போய்வந்தது. முழம் என்கிற இடத்தில் அவர் தலை ஆடியது. விற்பனைப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாட்டு முடிந்தது. டோனலின் வில் மட்டும் நிற்காமல், இன்னும் கொஞ்ச தூரம் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுத்தான் நின்றது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அந்தக் கடைசி இழுப்பு" என்றார். "எங்கப்பா தெருமுனை திரும்பும்போது அப்படித்தான் இழுப்பாவ. விளம்பரத்துல நேரம் பத்தாதுன்னு அத வெட்டிட்டானுவ. கேட்டு எம்புட்டு நாளாச்சு! கீதா, அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன செய்யணுமோ செய்யி. நம்ம பேர எடுத்துரு. இவரு வாசிக்கறத நான் கேக்கணும்."

கணக்குப் பிரிவிலிருந்து கீதா வந்தார். அந்த ஊமைத்தனத்தை நீக்க அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நோராவின் ஊரில் இந்த மெட்டை மறுபடியும் அச்சடித்தால், மேலே முறைப்படி அந்த வரியைப் போட வேண்டும். நோராவை வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன். 'ஆறுமுகத்தம்மாள் சில்க்ஸ் என்ற மெட்டு' என்பதை அவளுக்கு மொழிபெயர்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கட்டாயம் போடுகிறோம். பிரபுவீட்டு அம்மாளின் பெருமூச்சுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள்.

பிறகு தன் மேஜைக் கம்ப்யூட்டரில் டோனலின் வீடியோவை எடுத்து வைத்தாள். அண்ணாச்சி கையை உயர்த்தினார், கடை ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். ஆடித் தள்ளுபடி மாதத்தில் அந்தக் கடை அமைதியானது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எல்லாரும் என் போனைச் சுற்றி நின்றோம்.

முதலில் ஒரு இருமல். அப்புறம் டோனலின் குரல், கரகரவென்று, என்னவோ சொன்னது. அப்புறம் பிடில். பிடில் தொடங்கியதும் நோரா நாற்காலியை விட்டு எழுந்து, படத்திலிருந்தே மறைந்துவிட்டாள். வெறும் சமையலறை தெரிந்தது. எங்கோ கோழிகள் விரட்டுப்பட்டுக் கத்தின.

"இம்புட்டுப் பாடுபட்டு வாங்கிக் குடுத்தா எந்திரிச்சுப் போறாகளே!" என்று அண்ணாச்சி என் காதில் முணுமுணுத்தார். நோரா திரும்பி வந்து உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் தாங்கிக்கொண்டாள். மெட்டு போய்க்கொண்டே இருந்தது. கடைசி இழுப்பு வந்தபோது அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

மெட்டு முடிந்தது. அண்ணாச்சிதான் மெல்லக் கேட்டார். "வாசிக்கறதுக்கு முந்தி அவரு என்னமோ சொன்னாரே தாயி, அது என்ன?"

"நோரா, கதவைச் சாத்து, விரல் விறைக்கிறது என்றார் அண்ணாச்சி. அதுதான் போய்ச் சாத்திவிட்டு வந்தாள்."

அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பினார். எங்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்த காவலாளி, யாரும் சொல்லாமலே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.